முதுகுக்கல்லுக்கு எத்தனை அங்குலம்

மே 2

தம்பிக்கு,

சௌக்கியமா என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. பதினொரு வருடமாக உனக்கு ஒரு வரி எழுதாத கை இது. இப்போதும் மருமகளுக்காகத்தான் எழுதுகிறது. போனில் சொன்னால் போதாதா என்று உன் மாமா கேட்டார். போனில் நீ வழுக்கிக்கொண்டு போய்விடுவாய். காகிதமாக இருந்தால் நாளைக்கு எடுத்துக் காட்டலாம். உன் பதிலையும் பத்திரமாக வைப்பேன், அதை நினைவில் வைத்துக்கொண்டு எழுது.

மேலே எங்கள் குடியிருப்புக்கு வாரம் மூன்று நாள் நர்ஸ் அம்மாவைக் கூட்டி வந்து திரும்பக் கொண்டுவிடும் வேலை மருமகளுக்குக் கிடைத்திருக்கிறது. யாருக்காவது முடியாமல் போனால் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அவள்தான். வெயில் நாளில் கவலையில்லை. மழை பிடித்துவிட்டால் அந்த மண்பாதை என்ன கதியாகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழைக்கு ஐந்து வாரம் இருக்கிறது.

வண்டி அதே ஜீப்தான், நீ கட்டிக் கொடுத்தது. உன் மாமாவின் கால் போன நாளிலிருந்து வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடந்தது. மகன் கப்பல் வேலைக்குப் போனதும் இவளுக்குப் பொழுது போகவில்லையோ என்னவோ, இரண்டு வருடம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து உயிர் கொடுத்துவிட்டாள். ஓட்டவும் பழகிவிட்டாள். சொல்லிக் கொடுத்தவர் யார் தெரியுமா? கிளட்ச் மிதிக்கக் கால் இல்லாத உன் மாமா. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. உயரம்தான் போதாது.

முதுகுக்கல்லைத் தாண்ட வேண்டும். நீ மறந்திருக்கமாட்டாய், பாதைக்குக் குறுக்கே யானை படுத்தமாதிரி கிடக்கிறதே, அது. மழையில் அதன் இரண்டு பக்கத்து மண்ணும் கரைந்து கல் இன்னும் எழும்பி நிற்கும். முப்பத்துமூன்று அங்குல டயர் போடு. ஸ்பிரிங் பட்டையை நாலு அங்குலம் தூக்கு. நர்ஸ் அம்மாவின் அண்ணன் வண்டி அப்படித்தான் இருக்கிறது. வந்து நின்றபோது அடியில் ஆடு புகுந்து அந்தப் பக்கம் போனது. எனக்கும் அப்படி வேண்டும்.

நேற்று மருமகளோடு போய்க் கல்லை அளந்தேன். முன்சக்கரம் இறங்கும் இடத்தில் ஒரு குச்சி, பின்சக்கரம் நிற்கும் இடத்தில் ஒரு குச்சி. கல்லின் உச்சியைத் தொட்டபடி நடுவே கயிறு. அந்தக் கயிற்றிலிருந்து தரைக்கு எவ்வளவோ அதை முடிச்சுப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் படித்தவளின் அளவு என்று தூக்கிப் போட்டுவிடாதே.

வேறு மெக்கானிக் கிடைக்காமல் இல்லை. அந்த வண்டியின் வயிற்றில் எங்கே எதை ஒட்டு வைத்தாய் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான்.

அக்கா


மே 8

அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் கயிறும் கிடைத்தன. நலம். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்.

கயிறு பதினாறு அங்குலம் வருகிறது. ஜீப் இப்போது நிற்கும் நிலையில், நடுவயிற்றுக்கும் தரைக்கும் பதின்மூன்று அங்குலம். ஆகவே தூக்கத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு என்பதில்தான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

முப்பத்துமூன்று அங்குல டயர் இந்த வண்டிக்கு ஆகாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் பட்டையில் உரசும். அவ்வளவு பெரிய சக்கரத்தைச் சுற்ற முதல் கியருக்குப் பலம் போதாது, நிறுத்த பிரேக்குக்கும் போதாது. ஏற்றத்தில் நின்றுபோய்ப் பின்னால் உருளும். இப்போது இருப்பது ஆறு-பதினாறு, அதாவது ஆறு அங்குல அகலம், உள்வளையம் பதினாறு அங்குலம். நான் ஏழு-பதினாறு போடச் சொல்கிறேன். உச்சியிலிருந்து தரை வரை முப்பது அங்குலத்துக்குச் சற்று மேலே வரும். ஒல்லியான டயர். சேற்றை அறுத்துக்கொண்டு கீழே இருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்கும். அகல டயர் பார்க்க அழகு, சேற்றில் மிதக்கும்.

பட்டையைத் தூக்குவது பற்றி. டயர் பெரிதானால் அச்சு உயரும். பட்டையைத் தூக்கினால் வண்டியின் உடம்புதான் உயரும், அச்சு இருந்த இடத்தில் இருக்கும். மாமாவின் கால் போன அன்றைக்குக் கல்லில் மாட்டியது பின் அச்சின் நடுவிலுள்ள உருண்டை. ஆகவே உடம்பை நாலு அங்குலம் தூக்கிப் பிரயோஜனமில்லை. இரண்டு போதும். கல்லைத் தாண்டியதும் பாதை பள்ளத்துப் பக்கமாகச் சாயும் வளைவு இருக்கிறது. வண்டி உயர உயர அங்கே கவிழும் பயம் கூடும். கல்லில் மாட்டினால் வண்டி நிற்கும். வளைவில் கவிழ்ந்தால் மருமகளை எடுக்கக் கயிறு கட்டி இறங்க வேண்டும்.

வண்டியை அனுப்பிவையுங்கள். மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி


மே 12

தம்பிக்கு,

நீங்களாம், உங்களாம். இடுப்பில் தூக்கிச் சுமந்தவளுக்கு இந்த மரியாதை எதற்கு? தப்புச் செய்தவன்தான் மரியாதையை முன்னால் அனுப்புவான். என் கல்யாணத்தன்று என் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடி வாரை அறுத்துவிட்டு வந்து நின்றாயே, அன்றைக்கும் இப்படித்தான், “நீங்க உட்காருங்க அக்கா”.

உன் மாமாவுக்கு வணக்கம் வேறு. இந்த மலையில் போன் பிடிக்கும் இடம் ஒன்றே ஒன்று, தண்ணீர்த்தொட்டியின் மேல். வாரத்துக்கு இரண்டு முறை மனிதர் ஒரு காலும் ஒரு கட்டைக்காலுமாக ஏணி ஏறுகிறார். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறாராம். தண்ணீரிடம் எதற்கு இவ்வளவு சிரிப்பு? காலைப் பறிகொடுத்தவர் மறந்துவிட்டார், அது அவர் சமாச்சாரம். நான் மறக்கவில்லை.

பின் அச்சின் உருண்டை மாட்டியது என்று எழுதியிருக்கிறாய். நல்லவேளை, காகிதத்தில் எழுதினாய்.

கேள். மூன்று நாள் மழை விட்டு நாலாம் நாள், மதியம் மூன்றரை மணி. நீ காக்கிச் சட்டை போட்டிருந்தாய், இடது கை பொத்தான் இல்லை. நான் முன்சீட்டில், உன் மாமா பின்னால், அவர் மடியில் தகர டப்பா. முன்சக்கரம் இரண்டும் கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கின. அப்போது என் பாதத்துக்கு நேர் கீழே இரும்பு கல்லில் அரைபட்டது. என் உள்ளங்காலுக்கு அது தெரிந்தது. வண்டி தராசுமாதிரி ஆடிக்கொண்டு நின்றது. திரும்பிப் பார்த்தேன். பின்சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம். கல்லுக்கே வராத அச்சு எப்படியடா கல்லில் மாட்டும்?

நீ என்ன சொன்னாய் என்பதும் ஞாபகம் இருக்கிறது. “மாமா, முன்சக்கரத்துக்கு அடியில ரெண்டு கல்லைக் குடுங்க, நான் அசைச்சு எடுத்துடறேன்.” அவர் குடுத்தார். நீ அசைத்தாய். வண்டி இறங்கியது, அவர் காலின்மேல்.

பதினொரு வருடமாக ஒரே ஒரு கேள்விதான் எனக்கு. அதற்கு முந்தின மாதம் அதே கல்லை அதே வண்டி வெண்ணெயில் கத்தி போனமாதிரி தாண்டியது. நானும் இருந்தேன், அதே சீட்டில். அன்றைக்கு மட்டும் ஏன் உட்கார்ந்தது? கல் வளர்ந்ததா?

வண்டியை மருமகள் திங்கட்கிழமை கொண்டுவருவாள். அவள் முன்னால் உளறாதே. எனக்கு எழுது.

அக்கா


மே 19

அக்கா,

மருமகள் நேற்று வந்தாள். ஐந்து நாள் என் பட்டறையில்தான் இருப்பாள், பின்னறையில் படுக்கை போட்டிருக்கிறேன். வேலை முழுக்க அவளும் கூட நிற்கிறாள். பட்டையை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டை நான் முறுக்கியபின் அவள் ஒருமுறை முறுக்கிப் பார்க்கிறாள். யாரிடம் பழகியது என்று கேட்க வேண்டியதில்லை.

உன் நாலு அங்குலத்தை அவளுக்குச் செய்து காட்டினேன். வாய்ப்பேச்சாக இல்லை. பட்டைக்கு அடியில் தற்காலிகமாக நாலு அங்குலம் கொடுத்து, சீட்டில் ஆளுக்குப் பதில் மணல்மூட்டை வைத்து, ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் பலகை அடுக்கி ஏற்றினேன். சாய்வு வளைவில் பாதை எவ்வளவு சாயும் என்பதை அவள் ஏற்கெனவே குறித்துக்கொண்டு வந்திருந்தாள், பாதித் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் கோடு போட்டு. தண்ணீர் அந்தக் கோட்டுக்கு வருவதற்குள்ளேயே மேல்பக்கச் சக்கரம் பலகையை விட்டுக் கிளம்பிவிட்டது. கவிழாமல் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தேன். “அத்தைகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீங்க எழுதாதீங்க” என்றாள் அவள். நான் எழுதுகிறேன்.

எழுத வேண்டியது இன்னொன்று இருக்கிறது. ஐந்து நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இந்தப் பக்கத்தை மட்டும் நாலுதடவை கிழித்தாகிவிட்டது.

கல் வளரவில்லை. வண்டிதான் தாழ்ந்திருந்தது. முதலில் நான் அதை உயர்த்தியது பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரண்டு அங்குல இரும்புக் கட்டை வைத்து. முன்னாலும் பின்னாலும் நாலு கட்டை. முன்பக்கம் கட்டை வைத்தது என் தவறு, அங்கே வைக்கக் கூடாது, பிரேக் பிடித்தால் தள்ளாடும். அந்தச் சாய்வு வளைவில் ஒருநாள் தனியாக வரும்போது தள்ளாடியது. பள்ளம் தெரிந்தது. இறங்கி அரைமணிநேரம் பாறையில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் நாலு கட்டையையும் கழற்றிவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை. நான் கட்டிய வண்டிக்கு நானே பயந்தேன் என்று மாமாவிடம் எப்படிச் சொல்வது? கல்லில் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து அந்த மழை.

அச்சு மாட்டியது என்று சொன்னால் யாரும் கட்டையைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். அதனால் அச்சு என்றேன். சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. நாலு கட்டையும் சாக்கில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. எடைக்குப் போடவும் மனம் வரவில்லை.

மாமாவுக்கு இது தெரியாது. நீயே சொல்லிவிடு.

இந்த முறை கட்டை இல்லை. புதுப் பட்டை அடித்து வளைத்து இரண்டு அங்குலம் ஏற்றியிருக்கிறேன், டயர் ஏழு-பதினாறு. டயரால் ஒரு அங்குலம் கூடும். மொத்தம் பதினாறு. கல்லும் பதினாறுதானே என்று நீ கேட்பாய். உன் கயிற்றைப் பதினாலு என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டேன். சின்ன வயதிலிருந்தே நீ எதற்கும் மூன்று விரல் கூட்டித்தான் சொல்வாய். அப்பா உனக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது டெய்லரிடம் ரகசியமாகக் குறைத்துச் சொல்லிவிட்டு வருவார். எனக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது. ஆகவே இரண்டு அங்குலம் இடைவெளி இருக்கிறது, கவலை வேண்டாம்.

தம்பி


மே 22

தம்பிக்கு,

உன் கடிதம் காலை பத்துமணிக்கு வந்தது. இப்போது பன்னிரண்டு. அண்ணன் வண்டியில் வந்திருக்கும் நர்ஸ் அம்மாவிடம் இதைக் கொடுத்து இன்றைக்கே அனுப்புகிறேன், ஆகவே மற்றதெல்லாம் பிறகு.

கயிற்றில் நான் கூட்டவில்லை.

சட்டைக்குக் கூட்டியிருப்பேன். நீ திருடித் தின்றதைச் சொல்லும்போது கூட்டியிருப்பேன். அந்தப் பெண் உட்காரும் வண்டிக்கு ஒரு நூல்கூடக் கூட்டவில்லை. முடிச்சை மூன்றுமுறை அவிழ்த்துப் போட்டேன், மருமகள் இரும்பு டேப் வைத்துச் சரிபார்த்தாள். பதினாறு என்றால் பதினாறு. அவளிடமே கேட்டிருக்கலாம், உன் பக்கத்தில்தான் நின்றாள். நீ கேட்கவில்லை. உனக்கு உன் அக்காவைத் தெரியுமாம்.

பதினாறு கல்லுக்குப் பதினாறு வண்டி. மழையில் மண் கரைந்தால் கல் பதினேழாகும். மறுபடியும் அதே இடத்தில் அதே வண்டி தராசாகி நிற்கும், இந்தத் தடவை உள்ளே ஆஸ்பத்திரிக்குப் போகும் யாரோ ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருப்பாள். மருமகளைக் கிளம்ப விடாதே. வண்டியைப் பிரி.

நாலு அங்குலம் வேண்டாம். பாட்டில் சங்கதியை மருமகள் முந்தாநாளே போனில் சொன்னாள். உன் மாமாவின் பின்னால் நானும் தொட்டி ஏணியில் ஏறினேன், எழுபத்தொரு வயதில். நாலு என்று நான் கேட்டது தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன், நீயும் காகிதத்தில் வைத்துக்கொள்.

கட்டையைப் பற்றி உன் மாமாவிடம் சொன்னேன். வெகுநேரம் கட்டைக்காலின் வாரை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். “பயந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கழட்டச் சொல்லியிருப்பேனே” என்றார். வைத்த கஞ்சியைத் தொடவில்லை. தொட்டிப் பக்கமும் போகவில்லை. நீ அவருக்குச் செய்தது அது.

அக்கா


மே 30

அக்கா,

பிரித்தேன். மருமகளை இன்னும் ஒரு வாரம் பிடித்து வைத்துக்கொண்டேன், நர்ஸ் அம்மாவுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்து கொடுத்தேன்.

இப்போது பட்டை மூன்று அங்குலம். டயர் ஏழரை-பதினாறு, அதனால் ஒன்றரை. வயிற்றுக்கும் தரைக்கும் பதினேழரை. கியர்ப்பெட்டிக்கு அடியில் சறுக்குத் தகடு போட்டிருக்கிறேன், ஒருவேளை உரசினாலும் மாட்டாமல் வழுக்கும். உயர்த்தினால் பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸ் இழுபடும், நாலையும் நீளமாக மாற்றிவிட்டேன். பெரிய டயரில் மீட்டர் குறைத்துக் காட்டும், நாற்பது என்று காட்டினால் நாற்பத்துநாலு போகிறது என்று அர்த்தம். மருமகளிடம் சொல்லியிருக்கிறேன்.

மறுபடி பலகை அடுக்கிச் சாய்த்தோம். தண்ணீர் கோட்டைத் தொட்டது, தாண்டி இரண்டு விரல் போனது, அப்புறம்தான் சக்கரம் கிளம்பியது. அந்த இரண்டு விரல்தான் நமக்கு இருப்பது. ஆகவே கூரைமேல் ஒரு குடமும் ஏற்றக்கூடாது. வளைவில் நடக்கிற வேகம்தான். இதை அவள் என்னிடம் திருப்பிச் சொன்னாள், நீயும் அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்.

பலகைச் சோதனையில் ஓட்டும் சீட்டில் யார் உட்காருவது என்று வந்தபோது, மணல்மூட்டையை எடுத்துவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். நான் வேண்டாம் என்றேன். “உள்ள உட்கார்ந்து பார்த்தாத்தான் மாமா எவ்வளவு சாயும்னு உடம்புக்குத் தெரியும்” என்றாள். எனக்கு அந்தப் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மாமாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. அவர் எடுக்காதது சரிதான். அவர் காலுக்கு நான் என்ன எழுதினாலும் பொருந்தாது. எழுதாமலும் இருக்க முடியவில்லை. அந்தப் பாதைக்கு நான் பதினொரு வருடமாக வரவில்லை. கீழே பாலம் வரை வந்து திரும்பியது ஆறுமுறை. அதில் இரண்டுமுறை உனக்கு உடம்பு சரியில்லை என்று மாமா சொன்ன நாட்கள்.

நாளை காலை வண்டி கிளம்புகிறது.

தம்பி


ஜூன் 6

தம்பிக்கு,

மழை நேற்று முன்தினம் பிடித்தது. இன்றைக்குத்தான் மழையில் முதல் பயணம். நர்ஸ் அம்மாவைக் கூட்டிவர மருமகள் காலை ஏழரைக்கு இறங்கினாள். போகும்போது கல்லை இறக்கத்தில் தாண்டியிருப்பாள், அது சுலபம். ஏறி வருவதுதான். பன்னிரண்டுக்கு வந்திருக்க வேண்டும். இப்போது மூன்றேகால்.

உன் மாமா தொட்டிமேல் ஏறிவிட்டார், மழையில். இறங்கச் சொன்னால் காது கேட்காதவர்மாதிரி நிற்கிறார். நான் நாலு இடம் மாறி உட்கார்ந்துவிட்டேன். அரிசியைக் களைந்தேன், மறுபடி களைந்தேன். கை சும்மா இருந்தால் மனம் எங்கெங்கோ போகிறது, அதனால் உனக்கு எழுதுகிறேன். வேறு காரணமில்லை.

உன்னை மன்னித்தேனா என்று நீ கேட்கவில்லை. கேட்காததற்கு ஒரு மதிப்பெண். எனக்கு அது வராது. நான் மறப்பவளாக இருந்தால் மன்னித்திருப்பேன். அந்தத் தகர டப்பாவின் மூடி உருண்டு போன திசைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஒன்று. இத்தனை வருடம் நான் உன்மேல் கோபப்பட்டது நீ கவனமில்லாதவன் என்று. நீ பயந்தவன் என்று இப்போது தெரிகிறது. கவனமில்லாதவனிடம் மருமகளை விட்டிருக்கமாட்டேன். பயந்தவன் பிரேக் ஹோஸ் நாலையும் மாற்றுவான். கோபம் அப்படியே இருக்கிறது, எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

மூன்றே முக்கால். மழை வலுக்கிறது. ஏழரை-பதினாறு, மூன்று அங்குலம், பதினேழரை என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். கல் இன்றைக்கு எத்தனையோ.

உன் மாமா தொட்டிமேலிருந்து கையை ஆட்டுகிறார். விளக்கு தெரிகிறதாம்.

வந்துவிட்டது. வண்டி முழுக்கச் சேறு, கண்ணாடியில் இரண்டு வட்டம் மட்டும் துடைத்திருக்கிறது. நர்ஸ் அம்மா இறங்குகிறாள். மருமகள் இறங்கி முதலில் குனிந்து வண்டியின் அடியைப் பார்க்கிறாள். ஏன் இவ்வளவு நேரம் என்று இங்கிருந்தே கேட்டேன். “பாலத்துல ஒருத்தருக்காக நின்னேன் அத்தை. ஏறவா வேண்டாமான்னு மூணு மணி நேரம் யோசிச்சார். அவசரப்படுத்தலை.”

பின்கதவைத் திறந்துகொண்டு ஒரு கிழவன் இறங்குகிறான். தலை முழுக்க நரைத்திருக்கிறது, உன் மாமா இதைச் சொல்லவே இல்லை.

“கல்லுல இறங்கி நடந்தானா?” என்று கேட்டேன்.

“இல்லை அத்தை. உட்கார்ந்தேதான் வந்தார். என் தோளை மட்டும் விடலை.”

உன் மாமா ஏணியில் இறங்க முடியாமல் இறங்குகிறார். நீ ஓடிப்போய் அவர் கட்டைக்காலை ஒவ்வொரு படியிலும் பிடித்து வைக்கிறாய். அவர் ஏதோ திட்டுகிறார், மழையில் எனக்குக் கேட்கவில்லை. இருவரும் வாசலுக்கு வந்துவிட்டீர்கள். நான் நிமிரவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறேன். “தம்பி வந்து நிக்கிறான், தெரியுதா?” என்கிறார் அவர். தெரிகிறது. எனக்கு இன்னும் இரண்டு வரி இருக்கிறது. பதினொரு வருடம் நான் காத்திருந்தேன், இரண்டு வரிக்கு நீ நில்.

இதைத் தபாலில் போடப்போவதில்லை. கையிலேயே தருகிறேன், என் எதிரில் உட்கார்ந்து படி.

அக்கா